அபார்த் புன்டோ 2016, ஏழேகால் லட்சம் கேட்கிறார்கள். மேனுவல் என்பதற்காக இவ்வளவு கொடுக்கலாமா?

கோபாலபுரம்_தோப்பு எழுதியது:

வணக்கம். ஊர் பொள்ளாச்சி பக்கம் கோபாலபுரம், செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. திருச்சூரில் ஒரு அபார்த் புன்டோ (ஃபியட் புன்டோவின் வேக வண்டி) விலைக்கு வந்திருக்கிறது. 2016 மாடல், கேஎல் 08 பதிவு, ஒரே ஓனர், வெள்ளை, மீட்டரில் 34,000 கிலோமீட்டர். கேட்கிற விலை ஏழேகால் லட்சம். 2015 அக்டோபரில் இந்த வண்டி புதிதாக வந்தபோதே டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம்தான், இத்தனை வருடம் ஓடிய பிறகும் ஏழேகாலா என்று கேட்டால் புரோக்கர் ஒரே பாட்டைப் பாடுகிறார்: "145 பிஎச்பி, டர்போ பெட்ரோல், மேனுவல் கியர், மூணும் சேர்ந்து இனி ஒரு வண்டியும் வராது சாரே, எல்லாம் ஆட்டோமேட்டிக், அப்புறம் கரண்ட் வண்டி, மூணு வருஷம் வச்சிருந்தா பத்துக்குக் கொடுக்கலாம்."

அப்பா, அந்தக் காசுக்குத் தோப்பில் இன்னொரு போர் போடலாம் என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பு சொல்ல முடியாது.

தினசரிக்கு வேறு வண்டி இருக்கிறது. இது ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற, எப்போதாவது நெல்லியாம்பதி போக, அவ்வளவுதான். எனக்குத் தெரிய வேண்டியது: மேனுவல் ஸ்போர்ட்ஸ் வண்டிகளின் விலை ஏறுகிறது என்கிறார்களே, அது நம் ஊர் வண்டிக்கும் பொருந்துமா? பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்? கேரளா வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவருவதில் எவ்வளவு அலைச்சல்?

மூணாங்கியர் எழுதியது:

புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வியாபாரம்.

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு பழைய ஃபெராரிக்கு மேனுவல் கியர் இருந்தால் விலை எங்கேயோ போகிறது என்பது நிஜம். 599 ஜிடிபியில் மேனுவலாக வந்தது சுமார் 30 வண்டிதான் என்பார்கள், அதே வண்டியின் ஆட்டோமேட்டட் கியர்பாக்ஸ் விலையோடு அதை ஒப்பிடவே முடியாது. லம்போர்கினியில் கல்லார்டோவோடு, அதாவது 2013-ல், மேனுவல் கதை முடிந்தது. அங்கே சாதாரண வண்டியிலேயே மேனுவல் அருகிவிட்டதால் கிளட்ச் மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு மோகம்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். இங்கே நேற்று வரைக்கும் எல்லாமே மேனுவல்தான். 2014-ல் செலரியோவோடு ஏஎம்டி என்ற மலிவான ஆட்டோமேட்டிக் கியர் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பம் ஆட்டோமேட்டிக் பக்கம் திரும்பியது. பழைய வண்டிச் சந்தையில் போய் நின்றால் பத்தில் எட்டு வண்டி மேனுவலாகத்தான் நிற்கும் என்பது என் கணிப்பு. ஆக, மேனுவல் என்பதற்காக மட்டும் யாரும் ஒரு ரூபாய் கூடத் தர வேண்டியதில்லை. இங்கே அரிதாக இருப்பது நல்ல வேகமான இன்ஜினும் மேனுவல் கியரும் ஒரே வண்டியில் இருப்பது. ஏனென்றால் கம்பெனிகள் வேகமான இன்ஜினைக் கொண்டுவரும்போதெல்லாம் ஆட்டோமேட்டிக்கைத்தான் மாட்டி அனுப்பின. 2016-ல் போலோ ஜிடிஐ 99 வண்டி வந்தது, டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர் மட்டும். முஸ்டாங் ஜிடி வந்தது, ஆட்டோமேட்டிக் மட்டும். 2025-ல் கோல்ஃப் ஜிடிஐ முதல் தவணையாக 150, ஆக்டேவியா ஆர்எஸ் 100, இரண்டும் டிஎஸ்ஜிதான். கோல்ஃப் ஜிடிஐயில் இப்போது உலகத்தில் எங்குமே மேனுவல் கிடையாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் வேகமும் மேனுவலும் சேர்ந்து வந்த வண்டிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. முதல் ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ, 2011-ல் வந்த ஆறு கியர் லாரா ஆர்எஸ், அதற்கும் முன்னால் ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி விடெக். கொஞ்சம் மேலே போனால் நிஸான் 370இசட். உங்கள் அபார்த் இந்த வரிசையில் உட்கார வேண்டிய வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர்களும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. மூன்று வருடம் கழித்துப் பத்துக்கு விற்க வேண்டுமென்றால் அந்தப் பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பைத்தியம் உங்களைத் தேடி கோபாலபுரம் வரவேண்டும். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்த ஆள் ரொக்கமாகவும் வரவேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயம் ஒன்று. ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடுகிற மதிப்பு, ஐந்து வருடம் வரைக்கும் அட்டவணைப்படி படிப்படியாகப் பாதியாகக் குறையும், அதற்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்கிற தொகை. நீங்கள் ஏழேகாலுக்கு வாங்கிவிட்டு பாலிசியில் மூன்று லட்சம் என்று போட்டிருந்தால், வண்டி மொத்தமாகப் போனால் வருவது அந்த மூன்றுதான். 'ரேர்' என்ற வார்த்தை சர்வேயர் காதில் விழாது. பாலிசி போடும்போதே பேசுங்கள்.

வால்பாறை_நாற்பது எழுதியது:

மேலே எழுதியவர் எல்லாவற்றையும் காசாகவே பார்க்கிறார். நான் இதே வண்டி வைத்திருக்கிறேன். கொஞ்ச வருடமாக இதன் விலை மற்ற ஹேட்ச்பேக் மாதிரி சரியவில்லை, வாங்கிய விலைக்கே கேட்டு ஆள் வருகிறது, அதுவும் உண்மை.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த இன்ஜின் தூங்கும். ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு பேச்சு என்று இறங்கிப் போனவர்கள் உண்டு. மலையில் இரண்டாவது கியரில் வளைவை முடித்து, ஸ்டியரிங் நேராகிற நேரத்தில் மிதித்தால் ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளும், முன் சக்கரம் இரண்டும் கத்தும். ஸ்டியரிங் ஹைட்ராலிக், ரோடு எப்படி இருக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும், இப்போது வருகிற எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் அது இல்லை. ஒன்பதாவது கொண்டை ஊசியில், அந்த லோம்ஸ் வியூ பாயின்டில் வரையாடு நிற்கும் இடத்தில், எல்லோரும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எனக்கு நிறுத்தவே மனசு வராது.

ஆனால் கியர் லீவர் கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கும், ஹோண்டா மாதிரி டக் டக் என்று விழாது. ஐந்து கியர்தான், ஆறாவது இல்லை. வண்டியும் தாழ்வு, தோப்புக்குள் இறக்க நினைக்க வேண்டாம்.

செட்டிபாளையம்_பெட்ரோல் எழுதியது:

கோவையில் ஒர்க்‌ஷாப், கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு வருகிற வண்டிகளை அதிகம் பார்ப்பவன். விலைச் சண்டையை நீங்கள் போடுங்கள், எதைப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அது அபார்த்தானா என்று பாருங்கள். ஸ்டிக்கரும் அலாய் வீலும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், மாட்டலாம். ஆர்சியில் சிசி பார்த்துத் திருப்திப்படாதீர்கள், டர்போ இல்லாத சாதாரண 1.4 புன்டோவும் அதே 1368 சிசிதான். மாடல் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள், இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்சியோடு வைத்துப் பாருங்கள். பின் சக்கரத்திலும் டிஸ்க் இருக்க வேண்டும்.

வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதாகச் சொன்னதும் அவர் ஸ்டார்ட் போட்டுச் சூடாக்கி வைத்திருப்பார், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு நிதானமாக வரலாம். குளிர்ந்த இன்ஜினில் சைலன்சர் புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போதே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள், கரகர என்றால் இரண்டாவது கியர் சின்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற வளையம்) தேய்ந்துவிட்டது. இப்படி ஓட்டப்படுகிற வண்டிகளில் முதலில் போவது அதுதான், சூடான பிறகு இந்தச் சத்தம் அடங்கி உங்களை ஏமாற்றும்.

கிளட்சுக்கு: திருச்சூரிலிருந்து பாலக்காடு ரோட்டில் குதிரான் பக்கம் ஏறும்போது நாலாவது கியரில் 2,000-ல் வைத்து முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி ஸ்பீடு ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டோடு முடியும் என்று அவர் சொல்வார், பிரஷர் பிளேட், பேரிங், கியர்பாக்ஸ் இறக்கிற கூலி எல்லாம் சேர்த்துத்தான் நீங்கள் கணக்குப் போட வேண்டும். குதிரான் டனலுக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் டர்போ சத்தம் சுத்தமாகக் கேட்கும், விசில் சரி, சைரன் மாதிரி ஊளையிட்டால் டர்போ ஷாஃப்ட் ஆட்டம் கண்டிருக்கும்.

குறைந்த கிலோமீட்டர் என்று மயங்க வேண்டாம். டி-ஜெட் என்கிற இந்த டர்போ பெட்ரோல் இன்ஜினில் டைமிங் பெல்ட். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரும் உண்டு, வயசும் உண்டு. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அறுந்தால் இன்ஜினே போகும். வாட்டர் பம்ப்பையும் கூடவே மாற்றிவிடுங்கள். 34,000 நிஜமா என்று பார்க்க ஒரு வழி: டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2216 என்றால் 2016-ன் 22-வது வாரம். நாலு டயரும் 2019, 2020 என்று இருந்தால் 34,000-க்குள் ஏன் ஒரு செட் டயர் தேய்ந்தது என்று கேளுங்கள். பதில் இருக்கலாம், ஆனால் கேட்கும்போது முகத்தைப் பாருங்கள். கிளட்ச் பெடல் ரப்பரும் கியர் குமிழும் மீட்டரை விட உண்மை பேசும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். இது அதற்கென்று செய்த வண்டி கிடையாது, ஃபியூவல் ஹோஸ்களைக் கையால் அழுத்திப் பாருங்கள், விறைத்தோ வெடித்தோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இது இன்னும் முக்கியம்.

கோபாலபுரம்_தோப்பு எழுதியது:

அருமை, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஸ்பேர் கிடைக்குமா? ஃபியட் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டதே என்பதுதான் அப்பாவின் பெரிய ஆயுதம். வண்டியில் எக்ஸாஸ்டும் மாற்றியிருக்கிறார்கள், ஈசியுவில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரில், மேப் (மாற்றிய புரோகிராம்) போட்டிருப்பதாகவும் சொன்னார்கள், அது வேறு கூடுதல் மதிப்பாம்.

செட்டிபாளையம்_பெட்ரோல் எழுதியது:

ஓடுகிற சாமான்கள், அதாவது ஃபில்டர், பிரேக் பேட், பெல்ட், கிளட்ச் எல்லாம் கிடைக்கும். ஃபியட் லீனியா டி-ஜெட்டுக்கு வருகிற இன்ஜின் சாமான் பலவும் இதற்குச் சேரும். ஜீப் கம்பாஸில் வந்த 1.4 பெட்ரோலும் இதுவும் ஒன்றே என்று சிலர் சொல்வார்கள், அதன் ஹெட் வேறு, நம்பி வாங்கிவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது பாடி சாமானில்தான். அபார்த்துக்கென்றே வந்த வீல், முன் பம்பர், பேட்ஜ், உள்ளே சீட் துணி, இவை உடைந்தாலோ கிழிந்தாலோ தேடி அலைய வேண்டும். அதனால் அந்த நாலு வீலும் வளையாமல் விரிசல் இல்லாமல் இருக்கின்றனவா என்று கழற்றி உள்பக்கம் பாருங்கள்.

மேப் போட்டது மதிப்பு இல்லை, தள்ளுபடி கேட்க ஒரு காரணம். யார் போட்டது, எவ்வளவு பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏற்றியது என்று தெரியாத மேப் இருந்தால் கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போ மூன்றும் கம்பெனி நினைத்ததை விட அதிகமாக உழைத்திருக்கின்றன என்று அர்த்தம். ஸ்டாக் ஃபைலும், அதாவது கம்பெனி போட்ட பழைய மேப்பும், பழைய எக்ஸாஸ்டும் அவரிடம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இந்த மாதிரி வண்டிக்குப் பிற்காலத்தில் மதிப்பு என்று ஒன்று வந்தால் அது கை படாத வண்டிக்குத்தான் வரும்.

வேலந்தாவளம்_கேஎல்70 எழுதியது:

ஞான் நம்ம கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்டில் தமிழ், ஆர்டிஓ ஆபீஸில் மலையாளம். பேப்பர் வேலையை நான் சொல்கிறேன்.

முதலில் எக்ஸாஸ்ட். கேரளாவில் மோட்டார் வாகனத் துறை மாற்றங்கள் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னதே, அந்த வழக்கே கேரளாவிலிருந்து போனதுதான். அந்த வண்டியில் ஏதாவது செலான் பாக்கி இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். செலான் பாக்கி இருந்தால் என்ஓசி (ஆர்டிஓ தருகிற தடையில்லாச் சான்று) நகராது.

வரிசை இது: கடன் இருந்தால் ஃபார்ம் 35-ல் அதை நீக்க வேண்டும், அப்புறம் ஃபார்ம் 28-ல் திருச்சூர் ஆர்டிஓவிடம் என்ஓசி, ஃபார்ம் 29, 30-ல் பெயர் மாற்றம், பொள்ளாச்சியில் ஃபார்ம் 27-ல் புது நம்பர். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். செக்போஸ்ட் பக்கத்து வீடு, கேஎல் நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று நிறைய பேர் விட்டுவிடுவார்கள், விற்கும்போதும் விபத்து என்று வரும்போதும்தான் அது தலைவலி. தமிழ்நாட்டில் வரி திரும்பக் கட்ட வேண்டும், கேரளாவில் கட்டிய 15 வருட வரியில் மிச்சத்துக்குத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அந்தப் பணத்தை இப்போதே கணக்கில் சேர்க்காதீர்கள். வரி பழைய ஓனர் பெயரில்தான் கட்டியிருக்கும், அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். புரோக்கரோடு மட்டும் பேசாமல் ஓனரின் நம்பரை வாங்கி வையுங்கள்.

2031-ல் 15 வருடம் முடியும். அப்போது ஃபிட்னஸ் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 2022-லிருந்து இதற்கு 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி வேறு.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. திருச்சூர் வண்டி, 2016 மாடல் என்கிறீர்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்த வண்டி எங்கே நின்றது? சாலக்குடி, ஆலுவா, திருச்சூரின் தாழ்வான இடங்கள் எல்லாம் தண்ணீரில் கிடந்த மாதம் அது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருட்டியிருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். டிரைவர் பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கி ஒயர் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதை விட நம்பகமானது பேப்பர். ஒரே ஓனர் என்கிறார் அல்லவா? எல்லா வருட இன்சூரன்ஸ் பாலிசியையும் கேளுங்கள். கிளெய்ம் செய்யாத வண்டிக்கு என்சிபி என்கிற பிரீமியம் தள்ளுபடி முதல் புதுப்பித்தலில் 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, 50 என்று ஏறிக்கொண்டே போகும். 2018-ல் 25 இருந்து 2019-ல் பூஜ்யமானால் அந்த வருடம் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கிறது. ஒரு பம்பர் கிளெய்மாகவும் இருக்கலாம், அப்படியென்றால் பில்லைக் காட்டட்டும்.

டிஎன்41_விட்டல் எழுதியது:

ஏழேகால் போட்டு இவ்வளவு துப்பறியறதுக்கு ஒரு புது ஐ20 என் லைன் பார்க்கலாமே? 2023-லிருந்து அதில் ஆறு கியர் மேனுவல் வருகிறது. அல்ட்ராஸ் ரேசரும் ஆறு கியர்தான். இரண்டும் 120 பிஎஸ்.

வால்பாறை_நாற்பது எழுதியது:

ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி. நல்ல வண்டிகள்தான், ஆனால் 120-க்கும் 145-க்கும் மலையில் வித்தியாசம் உண்டு.

மூணாங்கியர் எழுதியது:

தம்பி சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. "இனி ஒரு வண்டியும் வராது" என்ற பேச்சுதான் இந்த விலையின் அஸ்திவாரம். அது முழுக்கச் சரியில்லை. வெர்னா டர்போவில் 160 பிஎஸ்ஸுக்கு ஆறு கியர் மேனுவல் 2023-ல் வந்தது, விர்டஸ் ஜிடியில் 150 பிஎஸ்ஸுக்கு வந்தது. செடான் என்பதால் நமக்குக் கண்ணில் படவில்லை. இன்னும் சில வருடத்தில் அவையும் பழைய வண்டிச் சந்தைக்கு வந்து நிற்கும், அன்றைக்கு வேகமான மேனுவல் வேண்டும் என்கிறவருக்கு அபார்த் ஒன்றே வழியாக இருக்காது.

போர்ஷேயிலேயே இது நடந்தது. 2013-ல் 911 ஜிடி3-ஐ மேனுவல் இல்லாமல் கொண்டுவந்தார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். 2016-ல் மேனுவல் மட்டுமே உள்ள 911 ஆர் என்று ஒன்றை 991 எண்ணிக்கையில் மட்டும் செய்தார்கள், விலை தறிகெட்டு ஏறியது, இனி கிடைக்காது என்று ஆளாளுக்கு வாங்கி மூடி வைத்தார்கள். அடுத்த வருடமே ஜிடி3-யில் மேனுவலைத் திரும்பக் கொடுத்துவிட்டது கம்பெனி. 911 ஆர் உச்சத்திலிருந்து இறங்கியது. 911 ஆருக்கே அந்த நிலைமை என்றால் நம் புன்டோவை முதலீடு என்று சொல்வது புரோக்கரின் வாய்ஜாலம்.

நான் வாங்காதே என்று சொல்லவில்லை. ஓட்டுவதற்கு வாங்குங்கள், பத்துக்கு விற்கலாம் என்று வாங்காதீர்கள். பெல்ட், டயர், வரி, என்ஓசி, ஒரு கிளட்ச், எல்லாம் சேர்த்து ஒரு தொகையை எழுதி அதை ஏழேகாலில் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

கோபாலபுரம்_தோப்பு எழுதியது:

ஓனரிடமே பேசினேன். 2019 பாலிசி கையில் இல்லை, தேடிச் சொல்கிறேன் என்றார். ஸ்டாக் எக்ஸாஸ்ட் வீட்டில் இருக்கிறதாம், மேப்பை எடுத்துவிட்டுத் தருவதாகவும் ஒத்துக்கொண்டார். விலையில் ஆறேகால் வரைக்கும் இறங்குவார் போலத் தெரிகிறது, புரோக்கருக்குத்தான் முகம் சரியில்லை.

வேலந்தாவளம்_கேஎல்70 எழுதியது:

பாலிசி நம்பரும் கம்பெனி பெயரும் தெரிந்தால் போதும், அவரே கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டால் பழைய பாலிசி காப்பி வரும். அது வராமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகிற தேதியைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன், மலையாளத்தில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

செட்டிபாளையம்_பெட்ரோல் எழுதியது:

காலை ஏழு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள். கம்ப்ரஷன் கேஜும் ஸ்கேனரும் என்னிடம் இருக்கின்றன, முதல் நாள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.